சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: விபத்து நட்டஈடும் வழக்குச் செலவும்

விபத்தில் காயமடைந்த ஒருவர் நட்டஈடு கோருவது எவரிடமும் கையேந்துவது ஆகாது. மற்றவரின் கவனயீனத்தால் உடலுக்கு ஊறு நேர்ந்தால், அதனால் ஏற்பட்ட இழப்பையும் வேதனையையும் பணத்தால் ஈடுசெய்ய வேண்டும் என்பது எமது நாட்டில் நடைமுறையிலுள்ள உரோம டச்சுச் சட்டத்தின் கோட்பாடாகும். ஆயினும், உரிமை இருப்பது வேறு. அதனைக் கையிற் பெறுவது வேறு. இடையில் நிற்பது செலவு. நட்டஈடு பெற்றவர் கணக்குப் பார்க்கும்போது, கிடைத்ததில் பெரும்பகுதி அதனைப் பெறுவதற்கே செலவாகிவிட்டது என்பதைக் காணும் நிலை பல குடும்பங்களுக்கு நேர்கின்றது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எமது முன்னோர் சொன்னது இத்தகைய நிலையைத்தான்.

மன்னார் மாவட்டத்தின் தென்கரையில், முசலிப் பிரதேச செயலகப் பிரிவில், சிலாவத்துறைக்கு அண்மையில் உள்ள கொண்டச்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் முத்துக்குளிப்பின் காரணமாக உலகம் அறிந்திருந்த ஊர் அது. 1803ஆம் ஆண்டில் வெளியான ரொபர்ட் பேர்சிவலின் இலங்கை பற்றிய நூல், கொண்டச்சிக் குடாவில் கூடிய படகுகளையும் சனத்திரளையும் விரிவாக விவரிக்கின்றது. அக்காலத்தில் சுறாமீனின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட மந்திரவாதிகளான கடற்கட்டிகள் கரையில் நின்று ஓதினால்தான் குளியாளர்கள் கடலில் இறங்குவர். ஆட்சியாளரே அவர்களுக்கு ஊதியம் வழங்கி அமர்த்தினர். அதனை மீறிச் சுறா தாக்கினால், காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க ஒரு சட்டமோ மன்றமோ இருக்கவில்லை. இன்று சட்டமும் உண்டு, மன்றமும் உண்டு. ஆனால் அவற்றை அடையும் வழி நீண்டது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் முசலி மக்களும் அடங்குவர். போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டின் பின்னர் மீளக்குடியேறியோரில் பலருக்கு இன்றும் புத்தளத்தில் ஒரு வீடும் முசலியில் ஒரு வீடுமாக வாழ்க்கை இரண்டாகப் பிரிந்திருக்கின்றது. பதிவுகளும் பத்திரங்களும் அவ்வாறே. மீன்பிடி, வயல், மரமுந்திரிகைத் தோட்டம், கூலிவேலை என்று நாளாந்த வருமானத்தில் வாழ்வோருக்குச் சம்பளச் சீட்டு என்பது கிடையாது. விபத்து நேர்ந்தபின் இந்த இடைவெளிகள் ஒவ்வொன்றும் செலவாக மாறுகின்றன.

ஓர் உதாரணம். கொண்டச்சியில் வசிக்கும் கூலித்தொழிலாளி ஒருவர் துவிச்சக்கர வண்டியில் செல்லும்போது வான் ஒன்று மோதி அவரது கால் முறிகின்றது என வைத்துக்கொள்வோம். அவரது நாட்கூலி 2,500 ரூபா. மாதத்தில் 20 நாட்கள் வேலை. ஆறு மாதங்கள் வேலைசெய்ய முடியாவிடின் இழப்பு 300,000 ரூபா. மருந்து, போக்குவரத்துக்கு மேலும் 50,000 ரூபா. வேதனைக்குரிய தொகையை ஒருபுறம் வைத்தால், அவரது நேரடி இழப்பு 350,000 ரூபா. அவர் வழக்குத் தொடுக்கின்றார். ஒவ்வொரு தவணைக்கும் சட்டத்தரணிக்கு 10,000 ரூபா. மன்னாருக்குச் சென்று திரும்பும் செலவும் இழந்த கூலியுமாக 5,000 ரூபா. சில ஆண்டுகளில் 15 தவணைகள் ஆகிவிட்டால் 225,000 ரூபா. வழக்கைப் "பிடித்துக் கொடுத்த" தரகர் பத்திலொன்றை எடுத்துக்கொண்டால் மேலும் 35,000 ரூபா. மொத்தம் 260,000 ரூபா. கேட்டது முழுவதும் கிடைத்தாலும் கையில் மிஞ்சுவது 90,000 ரூபா மட்டுமே. ஏறத்தாழ முக்கால் பங்கு சுமைகூலி!

இது கற்பனைக் கணக்குத்தான். ஆனால் இதில் எந்தச் செலவு தவிர்க்கக்கூடியது என்று பார்த்தால், தீர்வுக்கான வழியும் இதற்குள்ளேயே தெரியும்.

முதலாவதாக, மிக மலிவான சான்று விபத்து நடந்த முதற் சில நாட்களில் கிடைப்பதே. பொலிஸ் முறைப்பாட்டை அன்றே பதிந்து அதன் இலக்கத்தைக் குறித்துவைத்தல், வாகனத்தின் இலக்கத்தையும் அதன் முகப்புக் கண்ணாடியில் ஒட்டப்பட்டுள்ள காப்புறுதி விபரத்தையும் கையடக்கத் தொலைபேசியில் படம்பிடித்தல், நேரிற் கண்டவர்களின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்ளல் ஆகியவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமானது என்பதோடு, அங்கே சட்ட வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுவதும் காயத்தின் தன்மையை நிறுவும் பலமான சான்றாகும். வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரப்படும் நோய்நிர்ணய அட்டை, சிகிச்சை நாட்குறிப்பு, மருந்துப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒரே கோவையில் வைத்திருக்க வேண்டும். நாட்கூலி பெறுவோர் தமது வருமானத்தைக் காட்ட, வேலைகொடுப்பவரின் கடிதத்தையும் மீனவர் சங்கம் அல்லது கமக்காரர் அமைப்பின் கடிதத்தையும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகுமுன் பெற்றுவிட வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து இவற்றைத் தேடி அலைவதே வழக்கின் செலவைப் பன்மடங்காக்குகின்றது.

இரண்டாவதாக, எல்லா நட்டஈட்டுக் கோரிக்கைகளும் மாவட்ட நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும் என்பதில்லை. கோரிக்கையின் தன்மைக்கேற்ற குறுகிய வழியைத் தெரிவதே செலவைக் குறைக்கும் பிரதான உபாயம்.

வேலையின்போது காயமடைந்த தொழிலாளிக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. இதன்கீழ் தொழில்தருநரின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் நிமித்தம் காயம் நேர்ந்தது என்பதைக் காட்டினால் போதும். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 550,000 ரூபாவாக இருந்த உச்சத் தொகை, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. வேலைக்குச் செல்லும்போதும் வேலைமுடிந்து திரும்பும்போதும் நேரும் விபத்துகளும் அத்திருத்தத்தின் மூலம் உள்வாங்கப்பட்டன. ஒரே விபத்துக்கு இச்சட்டத்தின் கீழும் குடியியல் வழக்கின் மூலமும் இரட்டை நட்டஈடு பெற முடியாது என்பதால், எந்த வழி நன்மை தரும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து தெரிவுசெய்ய வேண்டும்.

வாகன விபத்தாயின், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆதலால் பெரும்பாலும் பணம் செலுத்துவது சாரதியல்ல, காப்புறுதி நிறுவனமே. வழக்குக்கு முன்னரே அந்நிறுவனத்துக்குப் பதிவுத்தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, ஆவணங்களின் பிரதிகளை இணைத்தால் சில கோரிக்கைகள் வழக்கின்றியே தீரக்கூடும். வழக்குத் தொடர நேர்ந்தால், தொடருவதற்கு முன்னரோ தொடர்ந்து ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். இந்தச் சிறிய கடிதம் தவறினால், தீர்ப்புக் கிடைத்தும் பணத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் பெறமுடியாத அவலம் நேரலாம். மோதிவிட்டுத் தப்பிச் சென்ற வாகனம் அடையாளம் காணப்படாத சந்தர்ப்பங்களில், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு.

சாரதிக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்கு நடைபெறுமாயின், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவின் கீழ் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வழங்குமாறு கட்டளையிடும் அதிகாரம் மன்றுக்கு உண்டு. இதனைக் கேட்கத் தவறுவோர் பலர். சிறு தொகைப் பிணக்குகளுக்கு, இணக்கசபை என மக்கள் அழைக்கும் மத்தியஸ்த சபை இருக்கின்றது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைகளில் சட்டத்தரணிகள் தோன்றி வாதாடுவதில்லை. கட்டணச் சுமையும் இல்லை. போரினாலும் வெடிபொருட்களாலும் காயமடைந்தோரின் விடயம் வேறு. அவர்களுக்கென 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இழப்பீட்டுக்கான அலுவலகம் அமைக்கப்பட்டது. அதற்கு விண்ணப்பிக்க எவருக்கும் தரகு கொடுக்க வேண்டியதில்லை. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் போதும்.

மூன்றாவதாக, சட்டத்தரணியின் கட்டணம். நல்ல சட்டத்தரணி வீண்செலவு அல்லர். உரிய நேரத்தில் பெறும் ஆலோசனை பல தவணைகளை மிச்சப்படுத்தும். ஆனால் கட்டணம் தவணைக்கு இவ்வளவு என்பதா, முழு வழக்குக்கும் இவ்வளவு என்பதா, முத்திரை, பிரதி, அழைப்பாணை போன்ற செலவுகள் அதில் அடங்குமா, மேன்முறையீடு வந்தால் என்ன என்பவற்றை முதல் நாளே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வதில் கூச்சம் வேண்டியதில்லை. தவணைக்குத் தவணை கட்டணம் என்ற ஏற்பாட்டில் வழக்கு நீள்வதற்கேற்பச் செலவும் நீளும். கட்டம் கட்டமாக வரையறுத்த கட்டணத்தில் அந்த அபாயம் குறைவு. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் வலியுறுத்துவதை முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். கொடுத்த பணம் ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டுக் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளமன்று. வைத்தியசாலை வாசலிலும் பொலிஸ் நிலைய வாசலிலும் காத்துநின்று, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கும் தரகர்களை அண்டவிடக்கூடாது. தரகர் மூலம் வழக்குத் தேடுவது சட்டத்தரணித் தொழிலின் ஒழுக்கத்துக்கும் முரணானது.

கட்டணம் செலுத்த இயலாதோருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. மன்னார் உட்பட நாட்டின் பல பாகங்களில் அதன் நிலையங்கள் இயங்குகின்றன. தகுதிக்கான வருமான எல்லை காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால், "எமக்குக் கிடைக்காது" என்று தாமாகவே தீர்மானித்துவிடாமல் நேரிற் சென்று கேட்பதே நன்று. வறியோர் முத்திரைச் செலவின்றி வழக்காட அனுமதி கோரும் ஏற்பாடும் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் நெடுங்காலமாகவே உண்டு. வென்றால் செலவு முழுவதையும் எதிராளி தந்துவிடுவார் என்று நம்பிக் கடன்படுவதோ தவறு. மன்று வழங்கும் வழக்குச் செலவு ஓர் அட்டவணைப்படி கணிக்கப்படுவது. கையால் கொடுத்த கட்டணத்துக்கு அது ஈடாகாது.

நான்காவதாக, காலமும் இடமும். இத்தகைய தீங்குக்கான குடியியல் வழக்கு, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரப்பட வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கின்றது என்ற நம்பிக்கையில் அக்காலத்தைக் கடத்திவிட்டால், எவ்வளவு நியாயம் இருப்பினும் உரிமை போய்விடும். இறுதி மாதத்தில் அவசரமாகத் தொடரும் வழக்கு செலவு கூடியதாகவும் குறைபாடு உடையதாகவும் அமையும்.

எந்த நீதிமன்றில் தொடருவது என்பது முசலி மக்களுக்கு முக்கியமான கேள்வி. எதிராளி வசிக்கும் இடத்திலோ விபத்து நடந்த இடத்திலோ அதிகாரமுள்ள மன்றில் வழக்கிடலாம். கொண்டச்சியில் விபத்து நடந்திருந்தால் மன்னார் மாவட்ட நீதிமன்றமே போதுமானது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாண நீதிமன்றங்களின் மொழி தமிழ். புத்தளம் வடமேல் மாகாணத்தில் இருப்பதால் அங்கு சிங்களம். புத்தளத்தில் வீடு இருக்கின்றது என்பதற்காக அங்கே வழக்கிட முனைவோர், மொழிபெயர்ப்பால் வரும் தாமதத்தையும் கணக்கிற் கொள்ள வேண்டும். எங்கு வழக்கு நடப்பினும், தமிழில் மனுச் செய்யவும், அரசின் உரைபெயர்ப்பாளர் உதவியைப் பெறவும் கட்சிக்காரருக்கு உரிமை உண்டு.

ஐந்தாவதாக, இணக்கம். நியாயமான தொகைக்கு இணங்குவது தோல்வியல்ல. ஆனால் அவசரத்தில் இணங்குவது பெருந்தவறு. பொலிஸ் நிலையத்திலே மருந்துச் செலவுக்கென ஒரு சிறு தொகையைப் பெற்று, "இனி எவ்வித கோரிக்கையும் இல்லை" எனக் கையொப்பமிட்டபின், எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்று தெரியவந்தால் என்ன செய்வது? காப்புறுதி நிறுவனம் தரும் முழுத்தீர்வுப் பத்திரமும் அத்தகையதே. காயம் ஆறி, நிரந்தர ஊனம் உண்டா என்பதை வைத்தியர் கூறும்வரை இறுதிக் கையொப்பம் இடலாகாது. மறுபுறம், தன் பக்கத்தின் பலவீனத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். 1968ஆம் ஆண்டின் பங்களிப்புக் கவனயீனம் பற்றிய சட்டத்தின்படி, காயமடைந்தவரின் தவறும் விபத்துக்குக் காரணமாயின் அதற்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும். இரவில் விளக்கின்றி வந்தவர் முழுத் தொகையையும் எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் வழக்காடுவது தனக்கே நட்டம்.

மீண்டும் எமது உதாரணத்துக்கு வருவோம். அதே தொழிலாளி ஆவணங்களை முதல் மாதத்திலேயே திரட்டி, தரகரை விலக்கி, 60,000 ரூபா என எழுதிக்கொண்ட கட்டணத்தில் சட்டத்தரணியை அமர்த்தி, நான்காவது தவணையில் 300,000 ரூபாவுக்கு இணங்கினார் என வைப்போம். பயணமும் கூலி இழப்பும் 20,000 ரூபா. கையில் எஞ்சுவது 220,000 ரூபா. கேட்டதைவிடக் குறைவாகப் பெற்றும், முன்னையதைவிட இருமடங்குக்கு மேல் வீட்டுக்குச் செல்கின்றது. கோரிக்கையின் வெற்றியைத் தீர்ப்பிலுள்ள தொகையால் அளக்கக்கூடாது. குடும்பத்தின் கைக்குச் சேரும் தொகையாலேயே அளக்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

எனினும், முழுப்பொறுப்பையும் காயப்பட்டவரின் தோளிலேயே சுமத்திவிட முடியாது. பிற நாடுகள் இதற்கு வழிகண்டுள்ளன. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் விபத்து நட்டஈட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. காவல்துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே நட்டஈட்டு விண்ணப்பமாகக் கொள்ளவும் அங்கு ஏற்பாடு உண்டு. தமிழகத்தில் லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றங்களில் கட்டணமின்றி இத்தகைய பிணக்குகள் இணக்கமாகத் தீர்க்கப்படுகின்றன. இங்கிலாந்தில் 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடியியல் விதிகள், வழக்கின் செலவு பிணக்கிலுள்ள தொகைக்கு அளவானதாக இருக்க வேண்டும் என்பதை நீதிமன்றத்தின் கடமையாகவே ஆக்கின. வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் சட்டத்தரணி பெறும் வெற்றிக் கட்டணம், எதிர்கால இழப்புக்கான தொகை நீங்கலாக, நட்டஈட்டின் 25 வீதத்தைத் தாண்டக்கூடாது என 2013 ஏப்ரல் முதல் அங்கு வரையறுக்கப்பட்டுள்ளது. 2021 மே மாதம் முதல் வீதி விபத்துகளில் ஏற்படும் சிறுகாயங்களுக்குச் சட்டத்தரணியின்றியே விண்ணப்பிக்கும் இணையத்தளமும் இயங்குகின்றது.

எமது நாட்டிலும் விபத்து நட்டஈட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயம் அமைப்பது பற்றி நீதி அமைச்சு சிந்திக்க வேண்டும். அதுவரை, சட்ட உதவி ஆணைக்குழு முசலி போன்ற தூரப் பிரதேசங்களில் நடமாடும் ஆலோசனை முகாம்களை ஒழுங்காக நடத்தலாம். பொலிஸார் முறைப்பாட்டுப் பிரதியுடன் எதிர் வாகனத்தின் காப்புறுதி விபரத்தையும் காயப்பட்டவருக்குத் தாமாகவே வழங்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் கிறிஸ்தவ பங்குச் சபைகளும் மீனவர் சங்கங்களும் ஒரு சிறு காரியத்தை இன்றே தொடங்கலாம்: ஊரில் விபத்து நேர்ந்ததும், படித்த இளைஞர் ஒருவரைக் காயப்பட்ட குடும்பத்துக்குத் துணையாக அனுப்பி, மேலே கூறிய ஆவணங்களைக் கோவையாக்கிக் கொடுப்பது. விபத்து இனமோ மதமோ பார்த்து வருவதில்லை. துணையும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

கடற்கட்டியை நம்பிக் கடலில் இறங்கிய காலம் கொண்டச்சியில் மலையேறிவிட்டது. இன்றைய குடும்பத்துக்குக் காவலாக நிற்க வேண்டியது சட்டம். அந்தக் காவலின் கூலி, காக்கப்படும் பொருளையே விழுங்கிவிடாதிருப்பதை உறுதிசெய்வது அரசினதும் சட்டத்தொழில் புரிவோரினதும் சமூகத்தினதும் கூட்டுக் கடமையாகும்.